திருச்சி வண்டி நின்ற இருபத்தாறு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே தங்கையைத் திருச்சி பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுத்தான் செம்மொழி வேலைக்கு மேலே ஏறினாள். அன்று அரசுப் பணித் தேர்வு. பூவிழிக்கு மையம் திருச்சியில் விழுந்திருந்தது. ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். ஒரத்தநாட்டில் ஓர் உரக்கடையில் நாள் முழுக்க பில் போட்டுக்கொண்டே இரண்டு வருடமாக இந்தத் தேர்வுக்குப் படித்தவள் பூவிழி.

"ஏழு இருபத்தஞ்சுக்கு எடுத்தா எட்டரைக்குத் திருச்சி. அங்கேருந்து ஆட்டோவுல கால் மணி நேரம். பதறாதடி."

"நான் எங்க பதறுறேன்? நீதான் தண்ணி பாட்டிலை மூணு தடவ மூடி மூடிப் பாக்குற," என்றாள் பூவிழி. பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அது ஃபஹ்மிதாவுக்கு. நாகப்பட்டினத்துப் பெண், பயிற்சி வகுப்பில் இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் இவளோடு உட்கார்ந்தவள். அவளுடைய பஸ் இன்னும் வந்து சேரவில்லை.

செம்மொழிக்கு வேலை மேல்ஸ்டாண்டில். தஞ்சாவூர் ரயில் நிலையத்தை ஒட்டித் தூண்கள் எழுப்பி, அவற்றின்மேல் ஒரு பேருந்து நிலையம் கட்டி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் மேல்ஸ்டாண்டு என்று சுருக்கிக்கொண்டார்கள். பேருந்துகள் சாய்வுப் பாதையில் ஏறி மேல்தளத்தில் வந்து நிற்கும். இறங்கியவர்கள் நீளமான ஒரு நடைபாலத்தில் போய்ப் படியிறங்கினால் நேரே பிளாட்பாரம். ஒரு சொட்டுகூட நனையாமல் பஸ்ஸிலிருந்து ரயிலுக்குப் போகலாம் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். அது முக்கால்வாசி உண்மை. பாலத்தின் வாசலுக்கும் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கூரை போடாமலே விட்டுவிட்டார்கள். பாலம் யாருக்குச் சொந்தம் என்பதும் முடிவாகவில்லை. ரயில்வே, பேருந்து நிலையத்தை நடத்தும் கம்பெனியைக் கை காட்டும். கம்பெனி ரயில்வேயைக் கை காட்டும்.

செம்மொழியின் அறை பாலத்தின் வாசலுக்கு மேலே, கண்ணாடி போட்ட சின்ன அறை. ஒரு மைக், நான்கு திரைகள், ஒரு டெலிபோன். ஒரு பக்கம் பார்த்தால் பேருந்துகள். மறுபக்கம் தண்டவாளமும் திருச்சி வழிச் சிக்னலும் தெரியும். பேருந்துகளைப் பற்றி மட்டும்தான் அவள் பேசலாம். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதி வாங்கியிருந்தார்கள்.

ஏழு மணி ஒன்பது நிமிடத்துக்கு மழை பிடித்தது. ஐப்பசி மழைக்கு ஆரம்பம் என்று ஒன்று கிடையாது. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. மூன்று நிமிடத்தில், ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்த சென்னை வண்டி முதல் பிளாட்பாரத்தில் நின்றது. பெட்டியும் பையும் பிள்ளைகளுமாக ஐந்நூறு அறுநூறு பேர் படியேறிப் பாலத்துக்குள் வந்தார்கள். வாசல் வரை வந்தவர்கள் வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்தார்கள். நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் இருப்பவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

அதே நேரத்தில் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று பஸ்கள் அடுத்தடுத்து வந்தன. எல்லாவற்றிலும் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள். நுழைவுச் சீட்டை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தலையில் கைக்குட்டையோடு, மழையில் ஓடிவந்து அதே வாசலுக்குள் புகுந்தார்கள்.

செம்மொழியின் கைபேசி அடித்தது. பூவிழி.

"அக்கா, ஃபஹ்மி வண்டி மேல வந்துடுச்சாம். பாலத்துல நிக்கிறாளாம், நகர முடியலங்கிறா. ஸ்டேஷன்ல சொல்லி ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லேன்."

"ரயிலு என்ன மினி பஸ்ஸாடி, ஒரு ஆளுக்காக நிறுத்த? அதெல்லாம் முடியாது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, வந்துடுவா. போனை வை," என்று சொல்லி வைத்துவிட்டு மூன்றாம் திரையைப் பார்த்தாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூட்டம், அவ்வளவுதான். பிறகுதான் கவனித்தாள். தலைகள் எல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்தன, ஒன்றாக நிமிர்ந்தன, மறுபக்கம் சாய்ந்தன. யாரும் தன் காலால் நடக்கவில்லை. நடுவில் ஒருவர் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

அப்போது கீழேயிருந்து ரயில்வேயின் பதிவுக் குரல், பாலத்தில் இருக்கிற ஒலிபெருக்கிகளிலும் சேர்ந்து ஒலித்தது. "பயணிகளின் கனிவான கவனத்துக்கு. திருச்சி செல்லும் பயணிகள் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." அந்தக் குரல் முடிவதற்குள் பஸ் பக்கமிருந்து கூட்டம் ஓர் அலையாக உள்ளே தள்ளியது. நடுவில் நின்ற தலைகள் இன்னும் நெருங்கின. குரல் ஒருமுறை ஒலித்தால் ஒரு தள்ளு. இன்னும் இரண்டு நிமிடத்தில் மறுபடி ஒலிக்கும்.

வாசலில் நின்ற காவலாளி ரெத்தினம் வாக்கிடாக்கியில் கத்தினார். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். சாதாரணமாகக் குரலை உயர்த்தவே மாட்டார்.

"செம்மொழி, உள்ள ஒரு பொம்பள விழுந்துடுச்சும்மா. தூக்க முடியல. குனிய எடமில்ல. இது நல்லதுக்கில்ல, ஏதாச்சும் பண்ணு!"

அவள் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போன் போட்டாள். எங்கேஜ்டு. மறுபடி போட்டாள். எங்கேஜ்டு.

ஷிப்ட் மேலாளர் துரைராசு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது வயது, ரத்தக்கொதிப்புக்காரர். முகம் வெளுத்திருந்தது. "மெட்ராஸ் ஆபீசுக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன், ஞாயித்துக்கெழம, எவனும் எடுக்கல. நீ ஒண்ணும் பேசிறாத. கூட்டம் நெரிசல்னு மைக்ல சொன்னா அவ்வளவுதான், மிரண்டு ஓடுவாங்க."

"நெரிசல்னு சொல்லப் போறதில்ல சார்."

"பின்ன?"

அவள் ஜன்னல் வழியாகச் சிக்னலைப் பார்த்தாள். சிவப்பு. மணி ஏழு இருபத்தொன்று. இன்னும் இரண்டு நிமிடத்தில் அது பச்சையாகும். மைக்கை அழுத்தினாள். தினமும் பேசுகிற அறிவிப்புத் தமிழ் அப்போது வாயில் வரவில்லை.

"திருச்சி வண்டிக்குப் போறவங்க கேளுங்க. வண்டி போகாது. நீங்க எல்லாரும் ஏறின பெறகுதான் வண்டியை எடுப்பாங்க. யாரும் ஓட வேணாம். நின்ன எடத்துலயே நில்லுங்க. நான் மேல்ஸ்டாண்டு அறிவிப்பு அறையிலேருந்து செம்மொழி பேசுறேன். வண்டி உங்களை விட்டுட்டுப் போகாது."

துரைராசுவின் கை மைக்கின் பட்டனுக்கு வந்தது. அவள் தன் இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதுகூட இல்லை.

"பொய் சொல்றியேம்மா," என்றார் அவர். "வண்டி எடுத்துட்டா? வண்டி நகர்றதைப் பாத்தாங்கன்னா இன்னும் பத்து மடங்கா தள்ளுவாங்களே!"

"தெரியும் சார். நான் வண்டியை நிறுத்துறேன். நீங்க கீழ எறங்கி, ஒரத்தநாட்டு பஸ்ஸையும் வல்லம் பஸ்ஸையும் வாசலுக்கு நேரா கொண்டாந்து ஒட்டி நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு கதவும் தெறந்து இருக்கட்டும். மழைக்குத்தான் நிக்கிறாங்க. ஏறிக்கிடுவாங்க."

அவர் திரும்பி ஓடினார். அந்த உடம்போடு அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

மறுபடி போன். இந்த முறை மணி அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் இளவழகன் எடுத்தார்.

"யாரும்மா நீ? வண்டி போகாதுன்னு யாரைக் கேட்டுச் சொன்ன? இங்க காது கிழியுது."

"யாரையும் கேக்கல சார். பாலத்துல ஆயிரம் பேரு சிக்கியிருக்காங்க. ஒரு பொம்பள விழுந்து கெடக்குது. உங்க ரெக்கார்டு ஒரு தடவ பேசுனா ஒரு தள்ளு தள்ளுறாங்க. அதை மொதல்ல நிறுத்துங்க. சிக்னலைப் போடாதீங்க."

"அம்மா, என் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்த முடியாது. திருச்சி கண்ட்ரோல் ஆபீசைக் கேக்கணும். இது நின்னா பின்னால எக்ஸ்பிரஸ் மாட்டும்."

"கேளுங்க சார். ஆனா சிவப்புலயே வச்சுக்கிட்டுக் கேளுங்க. பச்சை போட்டுட்டுக் கேக்காதீங்க."

மறுமுனையில் வேறொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. செம்மொழியின் கண் சிக்னலை விட்டு நகரவில்லை. ஏழு இருபத்து மூன்று. ஏழு இருபத்து நான்கு. மழைக்குள் அந்தச் சிவப்பு மங்கி, ஓடி, மறுபடி தெளிந்தது.

"நீ பாக்குறியா, பாலத்தை?" என்று கேட்டார் இளவழகன்.

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன். குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தாரு ஒருத்தரு. இப்ப அந்தக் கையைக் காணல."

"சரி. சிவப்புலயே வைக்கிறேன். ரெக்கார்டையும் நிறுத்தச் சொல்றேன். நீ பேசு. விடாம பேசு."

அவள் விடாமல் பேசினாள். ஓர் ஊரின் பெயரைச் சொல்லி நிற்கச் சொன்னாள், இன்னோர் ஊரின் பெயரைச் சொல்லி நகரச் சொன்னாள். "வாசல்ல நிக்கிறவங்க எதிர்ல நிக்கிற பஸ்ஸுல ஏறிக்கங்க. எந்த ஊரா இருந்தாலும் ஏறுங்க. டிக்கெட் கேக்க மாட்டாங்க. மழை விட்டதும் எறங்கிக்கலாம். சென்னை வண்டியில வந்தவங்க மொதல்ல. பஸ்ஸுலேருந்து வந்த புள்ளைங்க அப்படியே ரெண்டு அடி பின்னால வாங்க. பரீட்சைக்கு நேரம் இருக்கு. வண்டி நிக்கிது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், வண்டி நிக்கிது."

முதலில் யாரும் அசையவில்லை. ஒரத்தநாட்டு வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. துரைராசு தொப்பலாக நனைந்து, படியில் ஏறி நின்று, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்தார். பத்துப் பேர் ஏறினார்கள். இருபது பேர். வாசல் தளர்ந்தது. மூன்றாம் திரையில் தலைகளுக்கு நடுவே முதல்முறையாகத் தரை தெரிந்தது. ரெத்தினம் அந்த இடைவெளிக்குள் குனிந்து நுழைந்தார். கொஞ்ச நேரம் அவரைக் காணவில்லை. எழுந்தபோது அவர் தோளில் ஒரு பெண் கிடந்தாள். அவருக்குப் பின்னால் அந்தக் குழந்தையும் தகப்பனும் வெளியே வந்தார்கள். குழந்தை வாயை அகலத் திறந்து அழுதது. சத்தம் கேட்காத திரையில் அந்த அழுகையைப் பார்த்தபோது செம்மொழிக்கு மூச்சு வந்தது.

கைபேசி துடித்துக்கொண்டே இருந்தது. பூவிழி. எடுக்கவில்லை. ஏழு முப்பதுக்கு மறுபடி, முப்பத்தெட்டுக்கு மறுபடி. எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று செம்மொழிக்குத் தெரியும். கீழே வண்டிக்குள் ஜன்னலோரம் இருக்கிறவளுக்கும், அவளோடு இருக்கிற நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கும், ஒவ்வொரு நிமிடமும் திருச்சியில் ஒரு கேட்டை மூடிக்கொண்டிருந்தது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாதிப் பாலம் இன்னும் நெரிந்துதான் கிடந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கை அழுத்தினாள்.

ஏழு ஐம்பத்தொன்றுக்குச் சிக்னல் பச்சையானது. வண்டி கிளம்பியது.

பதினான்கு பேரை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். ஒருவருக்கு விலா எலும்பு, இன்னொருவருக்குக் கழுத்தெலும்பு, இரண்டு பேருக்குக் கை முறிந்திருந்தது. விழுந்து கிடந்த பெண்ணுக்கு மூச்சு திரும்ப ஐந்து நிமிடம் ஆனது. யாரும் சாகவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் செம்மொழி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

நேரம் தவறிய பாசஞ்சரை வழியில் எக்ஸ்பிரசுக்காக ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். திருச்சிக்குப் போனபோது எட்டு ஐம்பத்தாறு. பூவிழி தேர்வு மையத்தின் கேட்டை அடைந்தபோது ஒன்பது பதினொன்று. அவளைப் போல அறுபது எழுபது பேர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கெஞ்சினார்கள், அழுதார்கள். கேட் திறக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குப் பூவிழி மேல்ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தாள். அறைக்கு வெளியே நின்றாள்; உள்ளே வரவில்லை.

"நீதான் நிறுத்துனியாமே."

"ஆமா."

"நான் உள்ள இருக்கேன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்டி."

"ரெண்டு நிமிஷம் கேட்டேன். முடியாதுன்ன. இருபத்தாறு நிமிஷம் நிறுத்தியிருக்க. ஒரு தடவயாச்சும் என்னை நெனச்சியாக்கா?"

செம்மொழி பொய் சொல்லியிருக்கலாம். காலையில் அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னவள்தான். "நெனச்சேன். நெனச்சுட்டுத்தான் போனைக் கவுத்து வச்சேன்," என்றாள்.

பூவிழி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபஹ்மி எங்க? போன் எடுக்க மாட்டேங்குறா," என்று மட்டும் கேட்டாள்.

"ஆசுபத்திரியில. கழுத்தெலும்பு. விழுந்து கெடந்தது அவதான். எனக்கே பத்து மணிக்குத்தான் தெரியும்."

பூவிழி திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். அன்றிரவு வீட்டுக்கு வந்தவள் அக்காவோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறு போட்டு வைத்தால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் வேறு விதமாகப் பேச்சு கிளம்பியது. ரயிலை நிறுத்தியவளின் தங்கை அதே ரயிலில் இருந்தாளாம், அறிவிப்புக்குச் சற்று முன் அவளிடமிருந்து போன் வந்ததாம், தங்கையின் தோழிக்காகத்தான் வண்டியை நிறுத்தினாளாம் என்று கைபேசிகளில் செய்தி சுற்றியது. கம்பெனி அவளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இளவழகனுக்கும் மெமோ வந்ததாகச் சொன்னார்கள். சென்னையிலிருந்து வள்ளியம்மை என்ற அதிகாரி விசாரணைக்கு வந்தார்.

விசாரணை மேல்ஸ்டாண்டின் அலுவலக அறையில் நடந்தது. துரைராசு, செம்மொழியைப் பேச வேண்டாம் என்று தடுத்ததையும், பிறகு பஸ்ஸை ஒட்டி நிறுத்தியதையும் இரண்டையும் மறைக்காமல் சொன்னார். வள்ளியம்மை கைபேசி அழைப்புகளின் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஏழு பதினாறுக்கு உங்க தங்கச்சி கூப்பிட்டிருக்காங்க. என்ன பேசுனாங்க?"

"ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டா."

"அஞ்சு நிமிஷத்துல நீங்க நிறுத்திட்டீங்க."

"ஆமாங்க மேடம்."

"இதை நாங்க எப்படி எடுத்துக்கிறது?"

நடந்தது நடந்தபடிதான் இருந்தது. சொல்லும்போது வேறு மாதிரி கேட்டது.

கதவு தட்டப்பட்டது. பூவிழி நின்றிருந்தாள். உரக்கடைக்குப் போகிற அதே சுடிதார். வருவதாக அவள் அக்காவிடம் சொல்லவில்லை.

"நான்தாங்க அந்தத் தங்கச்சி. வாக்குமூலம் குடுக்கணும்."

"சொல்லுங்க. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. "நான் கேட்டது நெசம். ஃபஹ்மிக்காக ரெண்டு நிமிஷம் கேட்டேன். முடியாதுன்னு சொல்லி வச்சிட்டா. எனக்காக நிறுத்துனதா பேசிக்கிறாங்க. எனக்காகன்னா அது ரெண்டு நிமிஷத்துலயே போயிருக்கும்ல? அந்த வண்டி நின்னதாலதான் நான் பரீட்சை எழுதல. இந்தாங்க என் நுழைவுச் சீட்டு, எங்கயும் கையெழுத்தோ முத்திரையோ இருக்கான்னு பாருங்க. ஃபஹ்மியைப் போயிப் பாத்தேன். மேல ரெண்டு பேரு கெடந்தாங்களாம். மூச்சு நின்னு போச்சுன்னு நெனச்சப்ப, வண்டி போகாதுன்னு மைக்ல கேட்டுச்சாம். அதுக்கப்புறம்தான் மேல கெடந்தவங்க எந்திரிச்சாங்களாம். அவளும் எழுதிக் குடுத்திருக்கா, இடது கையால."

மடித்த தாளை மேசையில் வைத்தாள். வள்ளியம்மை அதைப் படித்தார். படித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நுழைவுச் சீட்டையும் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப உங்க அக்கா மேல உங்களுக்குப் புகார் எதுவும் இல்லைன்னு எழுதிக்கலாமா?"

"இல்லைன்னு எழுதாதீங்க," என்றாள் பூவிழி. "இருக்கு. அதை நாங்க வீட்டுல பேசிக்கிறோம். உங்க காகிதத்துல வேணாம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனாள். செம்மொழிக்கு எழுந்து பின்னால் போக வேண்டும்போல இருந்தது. இன்னும் நான்கு கேள்விகள் பாக்கி இருந்தன.

அடுத்த வாரம் செம்மொழியை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அனுமதியில்லாமல் ரயிலைப் பற்றிப் பேசியதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். வேலையில் சேரும் ஆணையிலும் கடிதத்திலும் அவள் கையெழுத்திட்டாள். வாசலுக்கு வெளியே அந்தப் பன்னிரண்டு அடிக்கு இரண்டே நாளில் தகரக் கூரை வந்துவிட்டது. தேர்வைத் தவறவிட்டவர்கள் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். பூவிழியின் பெயரும் அதில் இருந்தது. பதில் இன்னும் வரவில்லை.

விசாரணை நடந்த அன்று மாலை பூவிழி முன்னாலேயே போய்விட்டிருப்பாள் என்றுதான் செம்மொழி நினைத்தாள். ஆனால் ஒரத்தநாட்டு வண்டியில் ஏறியபோது பூவிழி மூவர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. செம்மொழி தயங்கி உட்கார்ந்தாள்.

வண்டி சாய்வுப் பாதையில் இறங்கி ஊரைத் தாண்டியது. வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது.

"எனக்கு இன்னும் கோவம் போகல," என்றாள் பூவிழி, வெளியே பார்த்தபடி.

"போக வேணாம்."

"எப்பப் போகும்னும் தெரியல."

"சரிடி."

கண்டக்டர் வந்து எத்தனை என்று கேட்டார். பூவிழி அவர் பக்கம் திரும்பி, "ரெண்டு ஒரத்தநாடு," என்றாள்.